வெள்ளையடிக்காத மெமரி

என் சுபாவத்தில் ஒரு கோணல் உண்டு. அச்சில் தப்பாக ஏதாவது வந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் கிழமையும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து, அதை மண்டபத்திலேயே பெண்ணின் அப்பாவிடம் சொல்லி, பந்தியில் என் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போனது. அப்போதும் நான் சொன்னதுதான் சரி. இப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் பொருந்துகிற வேலை ஒன்றிரண்டுதான் இருக்கும். அதில் ஒன்று எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் ரப்பர் வாஷர் கம்பெனி, நடுவில் இருந்த ஷெட்டில் நாங்கள் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தோம். பெட்டி ஒன்றுதான், அதிலிருந்து வயர் இழுத்துத் திரையும் கீபோர்டுமாகப் பல டெர்மினல்களை மாட்டினால் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். அதற்குள் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டமும் எங்கள் கம்பெனி எழுதியதுதான். அதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். எந்த புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி, யார் எப்போது ஓடலாம், யார் யாருடைய இடத்துக்குள் நுழையக் கூடாது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது அதுதான். முதலாளிக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இந்தப் பெட்டியை விற்றுவிட வேண்டும் என்று ஆசை. அதற்காகத் தமிழில் ஒரு கையேடு தேவைப்பட்டது. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அப்பாவின் பி.எஃப். கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நான் வேலைக்கு அமர்த்தப்பட்டேன்.

கெர்னலை எழுதியவர் ஒரே ஒரு ஆள். கள்ளிக்குப்பத்துக்காரர். அவருடைய தாத்தா காலம்வரை அங்கே அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். வயலெல்லாம் பிளாட் போட்டு விற்றான பிறகு பேரன் பாலிடெக்னிக் போய் இந்த வேலைக்கு வந்தார். மகா கெட்டிக்காரர், அது அவருக்கும் தெரியும் என்பதுதான் எனக்கிருந்த தொந்தரவு. கெர்னலில் எதை மாற்றினாலும் என்னிடம் சொல்ல மாட்டார். வாரம் பிறந்ததும் அவர் மேஜை முன்னால் போய் நிற்பேன்.

"என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணியும் மாத்தல மேடம்."

"நிஜமாவா?"

"இன்னா மேடம், நம்ம மேல நம்பிக்கையே இல்லியா?"

இருக்கவில்லை. ஆனால் அதே ஆள் தெருமுனை டீக்கடையில் லேத் பட்டறைக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு, தான் கெர்னலில் என்னென்ன சாதித்தோம் என்று அளந்து விடுவார். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. தலையை மட்டும் ஆட்டுவார்கள். எனவே நானும் டீக்கடைக்குப் போக ஆரம்பித்தேன். அந்தக் கம்பெனியின் கையேடு கொஞ்ச காலம் உண்மையாக இருந்ததென்றால், அதற்குக் காரணம் நான் பிடிக்காத டீயைக் குடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டதுதான்.

கையேட்டின் மூன்றாம் அத்தியாயம் மெமரிப் பாதுகாப்பு. ஒரே பெட்டியை நாலு பேர் பயன்படுத்தும்போது ஒருவர் எழுதுவது அடுத்தவருக்குத் தெரியாதா என்றுதான் எந்த வாத்தியாரும் முதலில் கேட்பார். எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ். அதையே எழுதினேன். ஒவ்வொரு புரோகிராமும் ஒரு குடும்பம். மெமரி என்பது குவார்ட்டர்ஸ். கெர்னல் என்பது வீடு ஒதுக்கும் ஆபீஸ். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் நுழைய அந்த ஆபீஸ் விடாது. ஒருவர் காலி செய்த வீட்டை வெள்ளையடித்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்கும். 'ஆகவே ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஒருபோதும் பார்க்க முடியாது' என்று அத்தியாயத்தை முடித்தேன்.

நிஜத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்தபோது யாரும் வெள்ளையடித்திருக்கவில்லை. சமையலறைச் சுவரில் முந்தைய குடும்பம் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகளும், யாரோ ஒரு மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டிய வேளைகளும் பென்சிலில் இருந்தன. அந்தக் குடும்பத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. அந்த மாமியாருக்கு ரத்தக்கொதிப்பு என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஆனால் கையேட்டில் நிஜமான குவார்ட்டர்ஸைப் போட முடியாது, விதிப்படி இருக்க வேண்டிய குவார்ட்டர்ஸைத்தான் போட முடியும். கெர்னலில் அந்த விதி இருந்தது. ஒரு புரோகிராம் விட்டுப்போன மெமரியை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி. அதை என் கண்ணால் பார்த்த பிறகே எழுதினேன். கள்ளிக்குப்பத்துக்காரரும் படித்துவிட்டு, "சூப்பரா கீது மேடம்" என்றார்.

ஆவடியில் ஒரு பள்ளிக்கூடம் முதல் ஆளாக எங்கள் பெட்டியை வாங்கியது. ஆசிரியர் அறையில் ஒரு டெர்மினல், மாணவர்கள் பழகும் லேபில் மற்றவை. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரைப்போல் ஒரு வாசகர் எனக்கு அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை. கையேட்டுக்குக் காக்கி அட்டை போட்டு, மூலையில் சந்தனம் குங்குமம் வைத்து, தன் மேஜையிலேயே வைத்திருந்தார். அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தார். பக்க எண்ணோடு மேற்கோள் காட்டுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் பிரியம் காலாண்டுத் தேர்வு வரைதான் நீடித்தது.

அதே பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர் எங்கள் பக்கத்து வீடு. திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்து ஆவடிக்கு வந்தவர். பல வருடமாகத் தற்காலிக ஆசிரியையாகவே காலம் தள்ளி, அந்த வருடம் நிரந்தரம் ஆகும் என்று வாக்குறுதி வாங்கியிருந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர், சுவர் என்று பேருக்கு இருந்தது. அவர் வீட்டுக் குக்கர் விசிலை வைத்து என் அம்மா எங்கள் வீட்டு அரிசியை இறக்குவார். காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்ட அன்று அந்தப் பக்கம் விசில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எங்கள் சாதம் இரண்டு நாளும் குழைந்துபோனது. என்ன ஆயிற்று என்று பார்த்து வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள்.

"ஏட்டி, நான் கேள்வித்தாளை வித்துட்டேன்னு சொல்லுதாரு எங்க ஹெட்மாஸ்டரு" என்றார்.

நடந்தது இது. கேள்வித்தாளில் ஒரு ஏணிக் கணக்கு. இருபத்தைந்து அடி ஏணி, சுவரிலிருந்து ஏழு அடி தள்ளி அதன் கால், எவ்வளவு உயரத்தில் சுவரைத் தொடும். விடை இருபத்து நாலு. ஆனால் வகுப்பில் ஒரு கும்பல் மொத்தமும் பதிமூன்று அடி ஏணி, ஐந்து அடி தள்ளி என்று எழுதி, அழகாக வர்க்கமூலம் எடுத்து, பன்னிரண்டு அடி என்று விடை போட்டிருந்தது. கையில் இருக்கும் கேள்வித்தாளை ஒருவர்கூடப் படிக்கவில்லை. கணக்கையும் நெட்டுருப் போட்டுவிட்டு வருகிற ஊர் எங்களுடையது.

"அந்தப் பதிமூணு எங்கேருந்து வந்துச்சு டீச்சர்?"

"அதுதானே எனக்கும் வெளங்கல. நான் முதல்ல பதிமூணுன்னுதான் போட்டேன். போன வருசத்துத் தாள்லயும் அதே எண்ணுன்னு ஞாபகம் வந்து, அழிச்சிட்டு மாத்தினேன்."

"எதுல போட்டீங்க? பேப்பர்லயா?"

"பேப்பர் எதுக்கு? நேரா உங்க கம்ப்யூட்டர்ல அடிச்சேன். அதுலயே அழிச்சேன். வேற எங்கயும் அந்தப் பதிமூணு கிடையாது."

மாணவர்களை விசாரித்ததில் ஒரு பெண் சொன்னதை டீச்சர் அப்படியே சொல்லிக் காட்டினார். "மிஸ், நாங்க எங்கயும் திருடல. லேபுல ஒரு புரோகிராம் ஓட்டுனோம், மிஷினு தானா கக்குச்சு. இம்பார்ட்டன்ட் கொஸ்டின் குடுக்குதுன்னு நெனச்சிகினோம்." தலைமையாசிரியர் உடனே கையேட்டைத் திறந்திருக்கிறார். மூன்றாம் அத்தியாயம், கடைசி வரி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஒருபோதும் பார்க்க முடியாது. ஆகவே அந்தப் பெண் சொல்வது பொய். முதலில் எழுதி அழித்த கணக்கு டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே டீச்சர்தான் டியூஷன் வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். விஜயதசமி நல்ல நாள், அன்று காலையில் நிர்வாகக் குழுவுக்கு ரிப்போர்ட் எழுதப்போவதாகவும், விடுமுறை முடிந்து டீச்சர் வர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

"உங்க புஸ்தகத்தை எனக்கே வாசிச்சுக் காட்டினாருட்டி" என்றார் டீச்சர். "நல்லாத்தான் எழுதியிருக்கே."

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். கள்ளிக்குப்பத்துக்காரர் கையில் கிளாஸோடு லேத்காரர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"மெமரியைத் துடைக்கிற வரியை எடுத்துட்டீங்களா?"

கிளாஸ் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "யாரு சொன்னது?"

"பதிமூணு அடி ஏணி சொல்லிச்சு."

அவர் முழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "குமணஞ்சாவடி லாரி புக்கிங் ஆபீஸ்காரு டெமோ பாக்க வந்தாரு இல்ல, வாட்ச்ச கையில புடிச்சிகினு குந்திகினாரு மேடம். கீய அமுக்குனா ஸ்கிரீனு டக்குனு வரணும்னாரு. ஒவ்வொரு தபாவும் தொடச்சிகினு இருந்தா எப்டி டக்குனு வரும்? அத்தான் அந்த ஒரு வரிய தூக்கிட்டேன். சின்ன மேட்டரு."

"அந்தக் கெர்னல்தான் பள்ளிக்கூடத்துக்கும் போச்சா?"

"அத்தான் மேடம் போச்சு."

"என் மூணாம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வரியிலதான் நிக்குது."

"புக்க யாரு மேடம் படிக்கிறாங்க?"

உலகத்தில் ஒரே ஒருவர் படித்தார். அவர் ஆவடியில் உட்கார்ந்து ஒரு பெண்மணியின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அதை நான் கொஞ்சம் உரத்த குரலிலேயே சொன்னேன். லேத்காரர்கள் வழக்கம்போல் தலையாட்டினார்கள். விஷயம் முழுவதும் கேட்டதும் கள்ளிக்குப்பத்துக்காரர் முகம் சுண்டிப்போனது. கெட்ட மனிதர் இல்லை. "இன்னிக்கே அந்த வரிய திருப்பிப் போட்டுடறேன் மேடம். போட்டா உங்க புக்கும் கரீட்டாயிடும்" என்றார்.

ஒரு நிமிடம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. டீயைப் பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. கெர்னலைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் கையேடு மறுபடி உண்மையாகிவிடும். கையேடு உண்மையானால், அது எப்போதுமே உண்மையாக இருந்தது என்றாகிவிடும். அப்புறம் டீச்சர்தான் குற்றவாளி என்பதை யாராலும் அசைக்க முடியாது. இதை அவரிடம் சொன்னேன்.

"அட, ஆமா" என்றார் அவர்.

முதலில் நேர்வழியில் முயன்றேன். தலைமையாசிரியர் அறைக்குப் போய், கையேட்டில் அந்த வரி தப்பு என்றேன்.

"அச்சுல இருக்கேம்மா" என்றார்.

"அதை எழுதினதே நான்தான் சார்."

"இருக்கலாம். ஆனா நீங்க இப்ப வாயால சொல்றீங்க. இது அச்சு."

செய்து காட்டுகிறேன் என்றேன். பெரிய மனது வைத்துச் சம்மதித்தார். மாணவர்கள் ஓட்டிய புரோகிராம் ரொம்ப எளிமையானது. மெமரியில் ஒரு இடத்தைக் கேட்டு வாங்கி, அதில் எதையும் எழுதாமலேயே, உள்ளே என்ன இருக்கிறதோ அதைத் திரையில் காட்டச் சொல்வது. தலைமையாசிரியர் ஆசிரியர் அறை டெர்மினலில் தன் பெயர், பட்டங்கள், பணியில் சேர்ந்த விவரம் எல்லாவற்றையும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். முடிக்க அரைமணி ஆயிற்று. நான் லேபுக்கு ஓடினேன். விரலை விசையில் வைத்த நேரத்தில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது பெட்டி புதிதாக எழுந்து உட்கார்ந்தது. எங்கள் கெர்னல் செய்யாத வெள்ளையடிப்பை மின்வாரியம் ஒரு நொடியில் செய்து முடித்திருந்தது. புரோகிராமை ஓட்டினேன். திரை பளிச்சென்று காலியாக இருந்தது.

"பார்த்தீங்களா, புஸ்தகம் சொன்னது சரி" என்றார் தலைமையாசிரியர். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. இன்னொரு முறை என்று நான் வாயெடுப்பதற்குள், விடுமுறை முடிந்து பார்க்கலாம் என்று லேபைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆக, அச்சில் வர வேண்டும். திருத்தம் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். படித்துவிட்டு ஏதோ அழுகின பழத்தைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, நம்ம சாமானை நாமே திட்டி அச்சடிக்கிறதா?"

"நடந்ததைத்தான் சார் எழுதியிருக்கேன்."

"அதான் சரி பண்ணியாச்சே. பண்ணினப்புறம் புக்ல இருக்கிறது உண்மைதானே? உண்மையை எதுக்கும்மா திருத்தணும்?"

டீச்சரைப்பற்றிச் சொன்னேன். பாவம்தான் என்றார். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஆனால் மெமரியில் மிச்சம் மீதி இருப்பதெல்லாம் வெறும் தூசு, அதைப் பார்த்து யாருக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது, பூதாகாரமாக்காதே என்று சொல்லிவிட்டுத் தன் டெர்மினல் பக்கம் திரும்பி மும்முரமாக எதையோ அடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே வந்தேன். புதிய கெர்னல் தயாராகியும் ஆபீஸ் பெட்டியில் இன்னும் பழையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி எழுந்து சாப்பிடக் கை கழுவப் போகும்வரை காத்திருந்தேன். தூசு எப்படி இருக்கும் என்று காட்டிவிடலாம் என்பதற்குமேல் எனக்கு ஒரு திட்டமும் கிடையாது. மாணவர்களின் புரோகிராமை ஓட்டி, வருவதைப் பிரிண்டருக்கு அனுப்பினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்த பிறகு, அக்கவுண்டன்ட் எழுந்து தொழிலாளர்கள் சார்பாக முதலாளிக்கு ஒரு வாழ்த்துமடல் வாசிப்பார். தழுதழுத்த குரலில் வாசிப்பார். முதலாளி கூச்சத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார். தொழிலாளர்களில் யார் இதை எழுதுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அக்கவுண்டன்ட்டைக் கேட்டால் சிரிப்பார்.

பிரிண்டர் அந்த அக்கவுண்டன்ட்டின் பக்கத்தில்தான் இருந்தது. அது கடகடவென்று கத்தி முடித்ததும் அவர் காகிதத்தைக் கிழித்து எடுத்தார். அரைப் பக்கம் குப்பை எழுத்துகள். அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழ். மனிதர் பழக்க தோஷத்தில், அதே தழுதழுத்த குரலில், வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கருணைக் கடலே, கணிப்பொறி உலகின் கர்ணனே, தங்களை முதலாளியாக அடைய நாங்கள் என்ன தவம்…"

அதோடு மெமரி முடிந்து மறுபடி குப்பை. அக்கவுண்டன்ட் தலையை நிமிர்த்தினார். ஷெட்டில் எல்லோரும் அவரைப் பார்த்தோம். பிறகு எல்லோரும் அவருக்குப் பின்னால், ஈரக் கையோடு நின்றிருந்த முதலாளியைப் பார்த்தோம். கள்ளிக்குப்பத்துக்காரர் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

முதலாளி அந்தக் காகிதத்தை வாங்கி, நாலாக மடித்துப் பையில் வைத்தார். என்னிடம் வந்தார்.

"அந்தப் பக்கத்தை அச்சடிச்சிடும்மா."

"எந்தப் பக்கம் சார்?"

"நீ சொன்ன பக்கம்."

அந்த வருட ஆயுத பூஜையில் பொரி கடலையோடு கலைந்துவிட்டோம் என்று பிறகு சொன்னார்கள். நான் அங்கே இல்லை. அன்று காலையில் அச்சான பக்கத்தையும் ஒரு டப்பா மைதாப் பசையையும் எடுத்துக்கொண்டு ஆவடிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன்.

சரஸ்வதி பூஜை நாள் அது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் யோசிக்கவில்லை. தலைமையாசிரியர் அறையில் படத்துக்கு முன்னால் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அடியில் அகராதி, நடுவில் பாடப்புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே என் கையேடு. அதன்மேல் ஒரு செவ்வந்திப்பூ.

"ஒரு பக்கம் ஒட்டணும் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் அம்மன் கழுத்துச் சங்கிலியைக் கேட்டுவிட்டதுபோல் இருந்தது. "பூஜையில வெச்ச புஸ்தகத்தை இன்னிக்குத் தொடக் கூடாதும்மா."

"சரி சார், இந்தப் பக்கத்தையாவது படிச்சுப் பாருங்க."

"இன்னிக்குப் படிக்கவும் கூடாது."

அவர் கையில் கொடுத்தேன். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வாங்கினார். அச்சடித்த காகிதம் என்று விரலுக்குத் தெரிந்ததும் மரியாதை வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் என் கையேட்டின்மேல் வைத்து, ஓரத்தில் குங்குமம் இட்டு, பூவை எடுத்து அதற்குமேல் வைத்தார். "நாளைக்குக் காலையில எடுத்துப் படிக்கறேன். அப்புறம்தான் ரிப்போர்ட்டு" என்றார். எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. காற்றில் பறந்துவிடும், எலி கடிக்கும், பூஜைக்குப் பிறகு யாராவது பெருக்கித் தள்ளிவிடுவார்கள் என்று என்னென்னமோ தோன்றியது.

விஜயதசமி காலையில் டீச்சரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். அவர் வர மாட்டேன் என்றுதான் சொன்னார். தலைமையாசிரியர் குளித்துவிட்டு, கற்பூரம் காட்டி, மேலே இருந்ததை முதலில் எடுத்தார். அன்றைக்குப் பூஜையிலிருந்து எடுத்ததை ஒரு வரியாவது உரக்கப் படிக்க வேண்டும். நின்றபடியே படித்தார்.

"திருத்தம். இந்தக் கையேட்டோடு வந்த கெர்னலில், ஒரு புரோகிராம் விட்டுப்போன மெமரி துடைக்கப்படாமலே அடுத்ததற்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே ஆசிரியர் அறையில் ஒருவர் எழுதியதையும், எழுதி அழித்ததையும்கூட, லேபில் இருப்பவர்கள் பார்க்க நேர்ந்திருக்கலாம். இது எழுதியவரின் தவறு அல்ல."

நிறுத்தினார். அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படித்தார். டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீங்க குடுக்கலை."

"முதல் நாள்லேருந்து அதைத்தானே சார் சொல்லுதேன்."

"சொன்னீங்க. அச்சுல இல்லையேம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. மேஜையில் ரிப்போர்ட்டுக்காக எடுத்து வைத்திருந்த வெள்ளைத் தாளை டிராயரில் போட்டு மூடினார். பிறகு கை கூப்பினார். டீச்சர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

டீச்சர் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்த வரி இப்படி இருந்தது. 'புதிய கெர்னலில் இது சரிசெய்யப்பட்டுவிட்டது. இனி ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஒருபோதும் பார்க்க முடியாது.'

"இந்த 'ஒருபோதும்' எந்தக் கணக்குல வந்துச்சு?"

"இப்ப நிஜமாவே சரி பண்ணியாச்சு டீச்சர். நானே ஓட்டிப் பார்த்தேன்."

"போன தடவையும் பார்த்துட்டுத்தானே எழுதினே?"

"ஆமா."

"அப்புறம் ஒருத்தன் ஒரு வரிய எடுத்தான். நாளைக்கு இன்னொருத்தன் எடுப்பான். அன்னைக்கு இந்த மேஜை முன்னால வேற ஒருத்தி வந்து நிப்பா. அவகிட்டயும் இந்த வரியைத்தான் வாசிச்சுக் காட்டுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. இவருக்காக நான் டீக்கடையிலும் முதலாளியிடமும் பூஜை அறையிலும் அல்லாடி அச்சடித்துக் கொண்டுவந்த பக்கம். அதில் இவரே கோடு போடுகிறார். தலைமையாசிரியர் பதறிப்போய், "அச்சு மேல எழுதாதீங்கம்மா" என்றார். டீச்சர் காதில் வாங்கவில்லை. 'ஒருபோதும்' என்பதைக் குறுக்கே அடித்தார். 'பார்க்க முடியாது' என்பதையும் அடித்தார். மேலே முத்துமுத்தான எழுத்தில், 'பார்க்க முடியாதபடி செய்திருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்தவரை' என்று எழுதினார். பிறகு பழக்க தோஷம் அவரையும் விடவில்லை. பக்கத்தின் ஓரத்தில் குங்குமப் பொட்டுக்குக் கீழே பத்துக்கு ஒன்பது என்று போட்டு, வட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டார்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "இப்படியே ஒட்டறதா?"

"இப்படியே ஒட்டுங்க சார்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் கோபம் போய்விட்டிருந்தது. பசை டப்பாவைத் திறந்து கொடுத்தேன். சிவப்பு அடித்தலோடும் பத்துக்கு ஒன்பதோடும் அந்தப் பக்கத்தை மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரிக்கு மேல் வைத்து, சுருக்கம் விழாமல் அவரே ஒட்டினார்.